சிரிக்கும் அதிகாரிகள்: ஒரு போர்க்காலப் புகைப்படத்தை வாசிப்பது எப்படி?

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது, தலித் இலக்கியம் பற்றியோ நிலப் போராட்டம் பற்றியோ பேசுவேன் என்று தோழர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு புகைப்படம். எண்பது ஆண்டுகளுக்கு முன்னால், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்து மண்ணில் எடுக்கப்பட்டது. அதில் இருப்பவர்கள் ஜெர்மானிய அதிகாரிகள். இதற்கும் நமக்கும் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். இரண்டு காரணங்கள் சொல்கிறேன்.

நாம் இன்று நினைவுகூரும் தோழர், வன்கொடுமை நடந்த ஊர்களுக்குப் போன உண்மை அறியும் குழுக்கள் பலவற்றில் இருந்தவர். எரிந்த குடிசையைப் படம் எடுத்தால் மட்டும் போதாது. எந்த ஊர், எந்தத் தெரு, எந்தத் தேதி, யார் எடுத்தது என்று படத்தின் பின்னால் எழுத வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். அந்தப் பிடிவாதம் ஏன் சரி என்பதை ஒரு பெரிய வரலாற்றுச் சான்றை வைத்து விளக்கலாம் என்று நினைத்தேன். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. நம் ஊர் நடைபாதைப் புத்தகக் கடைகளில் ஹிட்லரின் தன்வரலாறு, சுயமுன்னேற்ற நூல்களுக்குப் பக்கத்தில் இன்றும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ‘என்ன இருந்தாலும் ஒழுங்கைக் கொண்டுவந்தவன்’ என்று படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறோம். அந்தச் சீருடை, அந்த பூட்ஸ், அந்த மிடுக்கு இதையெல்லாம் பார்த்து மயங்கும் இளைஞர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து ஒரு படத்தை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

படத்தில் தெரிவது

திரையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். நான் சொன்ன எதையும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுப் பாருங்கள்.

கோடைக்காலம். மரங்கள் சூழ்ந்த இடம். வரிசை வரிசையாகச் சீருடை அணிந்த ஆண்கள். ஒருவர் அக்கார்டியன் வாசிக்கிறார். மற்றவர்கள் வாய் திறந்து பாடுகிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். முகங்களில் களைப்பும் இல்லை, பதற்றமும் இல்லை. வேலை நல்லபடியாக முடிந்த ஓர் அலுவலகத்தின் பிரிவுபசார விழா என்று சொன்னால் நம்பிவிடுவோம். அப்படி நம்பினால் பெரிய தவறும் இல்லை. வரலாற்றாய்வாளர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு வேலை முடிந்தது. அதை முடித்துக் கொடுத்த அதிகாரி விடைபெறுகிறார். சக அதிகாரிகள் பாடுகிறார்கள்.

என்ன வேலை என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் படத்துக்குள் விடை இல்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கிடைக்காது.

முன்வரிசையில் நிற்பவர்களின் பெயர்களைச் சொல்கிறேன். ருடால்ஃப் ஹோஸ்: ஆஷ்விட்ஸ் வதைமுகாமை உருவாக்கி, 1940 முதல் 1943 வரை அதன் தளபதியாக இருந்தவர், 1944 மே மாதம் ஒரு தனிப் பொறுப்போடு திரும்பி வந்தவர். ரிச்சர்ட் பேயர்: அப்போதைய தளபதி. ஜோசப் கிராமர்: பிர்கெனாவ் முகாமின் தளபதி. ஓட்டோ மோல்: எரியூட்டுக் கூடங்களுக்கும் பிணங்களை எரித்த குழிகளுக்கும் பொறுப்பாளர். ஜோசப் மெங்கலே: மருத்துவர்; ரயிலில் வந்து இறங்கியவர்களில் யார் உடனே சாக வேண்டும், யார் வேலை செய்து சாக வேண்டும் என்று பிரித்தவர்களில் ஒருவர். கார்ல் ஹோக்கர்: தளபதி பேயரின் அட்ஜுடன்ட். நம் அலுவலக வழக்கில் சொன்னால் பி.ஏ. கடிதம், உத்தரவு, கோப்பு எல்லாம் அவர் மேசை வழியாகப் போகும்.

இப்போது அதே படத்தைத் திரும்பப் பாருங்கள். உத்தரவு இடுபவர் ஒருவர், உத்தரவைத் தாளில் ஏற்றுபவர் ஒருவர், ஆட்களைப் பிரிப்பவர் ஒருவர், எரிப்பதை மேற்பார்வை இடுபவர் ஒருவர். ஒரு கொலைத் தொழிற்சாலையின் வேலைப் பிரிவினை முழுவதும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கிறது. முகங்கள் மாறவில்லை. சிரிப்பு மாறவில்லை. நமக்குத் தெரிந்த செய்தி மாறியிருக்கிறது.

முடிந்த வேலை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். 1944 மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டே வாரங்களில், ஹங்கேரியிலிருந்து சுமார் 4,40,000 யூதர்கள் ரயில்களில் ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து இறங்கிய உடனேயே நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். அதை மேற்பார்வை இடத்தான் ஹோஸ் திரும்பி வந்தார். அது முடிந்ததற்கான பாட்டு இது.

ஆல்பம் வந்த வழி

இந்தப் படம் 116 படங்கள் கொண்ட ஓர் ஆல்பத்தில் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் உளவுப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர், 1946இல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் ஆளில்லாத ஒரு குடியிருப்பில் இதைக் கண்டெடுத்தார். அறுபது ஆண்டுகள் அது அவரிடமே இருந்தது. 2006 டிசம்பரில் வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் ஆல்பத்தை ஒப்படைத்தார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஆல்பத்தின் மேல் உரிமையாளர் பெயர் இல்லை. அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பாளர் ரெபெக்கா எர்பெல்டிங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முதல் பக்கத்தில் இரண்டு அதிகாரிகள் நிற்கும் படம். ‘தளபதி பேயருடன்’ என்று ஜெர்மன் மொழியில் எழுதி, 21.6.44 என்று தேதி போட்டிருக்கிறது. பேயர் ஒருவர், அப்படியானால் உடன் நிற்கும் மற்றவருடைய ஆல்பம்தான் இது. அவரே திரும்பத் திரும்ப மற்றப் பக்கங்களிலும் வருகிறார். தளபதியின் பக்கத்தில் எப்போதும் நிற்பவர் அவருடைய அட்ஜுடன்ட். இப்படித்தான் கார்ல் ஹோக்கர் பிடிபட்டார். படத்தின் கீழே இருந்த ஒரு வரியும் ஒரு தேதியும்தான் கதவைத் திறந்தன.

ஆல்பத்தில் இன்னொரு தொடர் இருக்கிறது. ஆஷ்விட்ஸிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், சோவா ஆற்றுப் பக்கம், முகாம் அதிகாரிகளுக்கென்று ஓர் ஓய்வு இல்லம் இருந்தது. சோலா ஹுட்டே என்று பெயர். கைதிகளின் உழைப்பில் கட்டப்பட்டது. அங்கே ஹோக்கரும் முகாம் அலுவலகத்தின் இளம்பெண்களும் வரிசையாக உட்கார்ந்து கிண்ணங்களில் புளூபெர்ரி பழம் தின்கிறார்கள். ‘இங்கே புளூபெர்ரி கிடைக்கும்’ என்று கீழே குறிப்பு. கடைசிப் படத்தில் ஒரு பெண் காலியான கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டி, பழம் தீர்ந்துபோனதற்கு அழுவதுபோல் நடிக்கிறாள். தேதி 1944 ஜூலை 22.

அன்றைக்கு ஆஷ்விட்ஸில் என்ன நடந்தது என்று முகாமின் ஆவணங்களில் தேடினார்கள். 150 பேர் கொண்டுவரப்பட்டார்கள். 21 ஆண்களும் 12 பெண்களும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். மற்றவர்கள் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பெண்கள் முகாமின் தொலைபேசி, தந்தி, வானொலிப் பிரிவில் வேலை செய்தவர்கள். ரயில் வரும் செய்தியும் கணக்கும் போய்வந்த கம்பிகளில் வேலை பார்த்த கைகள்தான் கிண்ணம் ஏந்தியிருக்கின்றன. இந்தப் படம் எடுத்த அன்று இரவுக்கும் மறுநாளுக்கும் இடையில், சோவியத் படைகள் மைதானெக் முகாமைக் கைப்பற்றின. ஹோக்கர் அதற்கு முன்பு வேலை பார்த்த முகாம் அது.

தேதி என்பது வெறும் எண் அல்ல தோழர்களே. தேதி இருந்ததால்தான் அந்தப் பழக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்த 150 பேரையும் நிறுத்த முடிந்தது.

ஒரே கோடை, மூன்று கேமராக்கள்

ஆல்பம் முழுவதிலும் கைதிகள் யாரும் இல்லை. சுற்றுலா இருக்கிறது, நாய் இருக்கிறது, வேட்டை இருக்கிறது, டிசம்பரில் கிறிஸ்துமஸ் மர விளக்கேற்றல் இருக்கிறது. ஆஷ்விட்ஸ் இல்லை. ஆதிக்கத்தில் இருப்பவன் தன் வாழ்க்கையைத் தானே படம் எடுத்துக்கொண்டால் இப்படித்தான் இருக்கும். அவன் வயிறும் விடுமுறையும் யாருடைய முதுகின் மேல் நிற்கின்றனவோ அவர்கள் சட்டகத்துக்குள் வரமாட்டார்கள்.

அவர்கள் எங்கே? அதே கோடையில், அதே முகாமில் எடுத்த வேறு படங்கள் இருக்கின்றன.

1944 மே, ஜூன் மாதங்களில் எஸ்.எஸ். ஆட்களே பிர்கெனாவ் ரயில் மேடையில் எடுத்த படங்கள் ஓர் ஆல்பமாகத் தொகுக்கப்பட்டன. ‘ஹங்கேரி யூதர்களின் குடியமர்த்தல்’ என்று அதற்குத் தலைப்பு. கொலைக்குக் குடியமர்த்தல் என்று பெயர். லிலி ஜேக்கப் என்ற 18 வயதுப் பெண், ஆஷ்விட்ஸிலிருந்து வேறு முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, 1945இல் டோரா முகாம் விடுதலை ஆனபோது காய்ச்சலோடு கிடந்தார். எஸ்.எஸ். காலி செய்துபோன இருப்பிடத்தில் இந்த ஆல்பம் அவர் கையில் கிடைத்தது. புரட்டினால், தன் ஊர் மதகுரு. அடுத்த பக்கங்களில் தன் சொந்தத் தம்பிகள். அவர் வந்த ரயிலிலேயே வந்தவர்கள். படம் எடுத்தவனுக்கு அவர்கள் ‘இனி வேலைக்கு உதவாதவர்கள்’. லிலிக்கு அவர்கள் பெயர் உள்ள மனிதர்கள். அவர் பெயர் சொன்ன பிறகுதான் அந்த முகங்கள் ஒரு கணக்கிலிருந்து ஒரு குடும்பத்துக்குத் திரும்பின.

மூன்றாவது, நான்கே நான்கு படங்கள். 1944 ஆகஸ்ட். பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள், சோண்டர்கொமாண்டோ என்று பெயர், ஒரு கேமராவைக் கள்ளத்தனமாக உள்ளே கொண்டுவந்தார்கள். அவற்றில் சிலவற்றை ஐந்தாம் எண் எரியூட்டுக் கூடத்துக்குள் மறைந்து நின்றுகொண்டு, கதவு வழியாக எடுத்தார்கள். எடுத்தவர் ஆல்பெர்டோ எர்ரேரா என்ற கிரேக்க யூதர் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். திறந்தவெளியில் எரியும் உடல்கள், ஆடை களையப்பட்டு ஓடும் பெண்கள். ஒரு படத்தில் மரக்கிளைகளும் வானமும்தான். ஃபிலிமைப் பற்பசைக் குழாய்க்குள் வைத்து கிராக்கோவில் இருந்த போலந்து எதிர்ப்பியக்கத்துக்கு அனுப்பினார்கள். பிறகு அந்தப் படங்களை அச்சிட்டவர்கள் பலர், கோணலை நிமிர்த்தி, சுற்றியிருந்த கறுப்பு விளிம்பை வெட்டிவிட்டு அச்சிட்டார்கள். அந்தக் கறுப்பு விளிம்புதான் கதவு. படம் எடுத்தவர் உயிரைப் பணயம் வைத்து நின்ற இடம் அது. அதை வெட்டினால் அவரையே வெட்டியதாக ஆகும்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஹோக்கர் ஆல்பம் தெளிவாக இருக்கிறது. அவசரமில்லாத கை எடுத்தது. நான்கு படங்கள் கோணலாக, மங்கலாக இருக்கின்றன; பிடிபட்டால் சாவு என்று தெரிந்த கை எடுத்தது. தெளிவாக இருப்பதால் ஒரு படம் அதிக உண்மை ஆகிவிடாது. யாருக்கு நிதானமாக நின்று எடுக்க முடிந்தது என்பதைத்தான் அந்தத் தெளிவு காட்டுகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான்: ஆதிக்கவாதியின் படத்துக்கு அர்த்தத்தை, அந்தப் படத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் சாட்சியம்தான் தருகிறது.

இதில் ரோமா மக்களையும் மறக்கக் கூடாது. வட இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் பெயர்ந்தவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் பேசும் மொழி இன்னும் அந்த உறவைச் சொல்கிறது. புளூபெர்ரி தின்ற நாளுக்குப் பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு, பிர்கெனாவில் ரோமா குடும்பங்களை வைத்திருந்த பகுதியே காலி செய்யப்பட்டது. 4,000க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், பெண்கள், முதியவர்கள், கொல்லப்பட்டார்கள். போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1956இல், 1943க்கு முன்பு அவர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகள் இன ஒடுக்குமுறை அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. சமூகத்துக்குப் பொருந்தாதவர்கள், குற்றப் போக்கு உடையவர்கள் என்ற பழைய முத்திரை அப்படியே தொடர்ந்தது. நடந்தது இனப்படுகொலை என்று அந்த அரசு ஒப்புக்கொண்டது 1982இல். குற்றப்பரம்பரைச் சட்டத்தின் வடு உள்ள ஒரு நாட்டில் இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

முகமும் ரசீதும்

ஹோக்கருக்கு என்ன ஆயிற்று?

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படை அவரைப் பிடித்தது. சாதாரணப் படைவீரர் போலக் காட்டிக்கொண்டார். ஒன்றரை ஆண்டில் வெளியே வந்தார். சொந்தப் பகுதியான லூபெக்கேவுக்குப் போய், முன்பு பார்த்த வங்கி வேலைக்கே திரும்பினார். மனைவி, குழந்தைகள், சம்பளம் என்று வாழ்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டிருந்தால் அமைதியான மனிதர் என்று சொல்லியிருப்பார்கள்.

1963 டிசம்பரில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஆஷ்விட்ஸ் வழக்கு தொடங்கியது. அதற்குப் பின்னால் நின்றவர் அரசு வழக்குரைஞர் ஃப்ரிட்ஸ் பாவர். தானே நாஜிகளின் சிறையில் இருந்த யூதர். ஹோக்கர் குற்றவாளிக் கூண்டில் இருந்தார். ரயில் மேடையில் நடந்த பிரித்தெடுத்தலில் தனக்குப் பங்கில்லை என்று சாதித்தார். அவர் அங்கே நின்றதை நிரூபிக்க முடியவில்லை. கொலைக்கு உடந்தை என்று 1965இல் ஏழு ஆண்டு தண்டனை கிடைத்தது. 1970இல் விடுதலை. மறுபடி அதே வங்கியில் வேலை, தலைமைக் காசாளர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த வழக்கில் சாட்சி சொல்ல லிலி ஜேக்கப் தன் ஆல்பத்தோடு அந்த நீதிமன்றத்துக்கு வந்தார். கொல்லப்பட்டவர்களின் கடைசி முகங்கள் அன்றைக்கு நீதிபதிகளின் முன்னால் இருந்தன. கூண்டில் இருந்தவரின் சொந்த ஆல்பமோ கடல் தாண்டி ஒரு வீட்டில் இருந்தது. இரண்டும் ஒரே மேசையில் வைக்கப்படவில்லை.

வைக்கப்பட்டிருந்தால் தண்டனை கூடியிருக்குமா? அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. மெங்கலேயோடும் ஹோஸோடும் நின்று சிரிப்பது சட்டப்படி கொலை ஆகாது. கடைசியில் ஹோக்கரை இரண்டாம் முறை பிடித்தது படம் அல்ல, தாள். 1943 மே முதல் 1944 மே வரை மைதானெக் முகாமுக்காக, டெஷ் அண்ட் ஸ்டாபெனோவ் என்ற ஹாம்பர்க் நிறுவனத்திடம் குறைந்தது 3,610 கிலோ சைக்ளோன் பி நச்சு வாங்க அவர் ஏற்பாடு செய்ததை முகாம் ஆவணங்கள் காட்டின. 1989இல் பீலெஃபெல்ட் நீதிமன்றம் நான்கு ஆண்டு தண்டனை கொடுத்தது. 2000இல் இறந்தார்.

ரசீது குற்றத்தைச் சொல்லும். குற்றவாளியின் மனதைச் சொல்லாது. புகைப்படம் அவன் எவ்வளவு நிம்மதியாக இருந்தான் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஏன் என்பதைச் சொல்லும். அதை ‘மிகைப்படுத்தல்’ என்று தள்ள எப்போதும் ஒரு வக்கீல் தயாராக இருப்பார். மூன்றும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும். இது நமக்குப் பழகிய பாடம்.

‘அவர்களும் மனிதர்கள்தானே’

இந்த ஆல்பம் 2007 செப்டம்பரில் வெளியானபோது உலகம் முழுவதும் பலர் சொன்னது, ‘இவர்களும் நம்மைப் போலத்தான் இருக்கிறார்கள்’ என்று. பாதி உண்மை. கொலைகாரனுக்குக் கோரைப்பல் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள், கோரைப்பல் இல்லாதவனைத் தப்பவிட்டுவிடுவார்கள். அதுவரைக்கும் இந்தப் பேச்சு பயனுள்ளது.

ஆனால் அதிலிருந்து ஒரு படி கீழே வழுக்கினால், ‘எல்லோருக்குள்ளும் ஒரு நாஜி இருக்கிறான்’ என்ற சோம்பேறித் தத்துவம் வரும். எல்லோரும் குற்றவாளி என்றால் யாரும் குற்றவாளி இல்லை. ஹன்னா அரெண்ட், ஐஷ்மன் வழக்கைப் பார்த்துவிட்டு 1963இல் எழுதிய நூலில், சிந்திக்க மறுக்கும் அதிகாரியைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு பெட்டினா ஸ்டாங்நெத் போன்றவர்கள் ஐஷ்மன் அர்ஜென்டினாவில் எழுதியதையும் பேசியதையும் ஆராய்ந்து, அவர் யோசிக்காத குமாஸ்தா அல்ல, நம்பிக்கையோடு செய்தவர் என்று காட்டினார்கள். ஹோக்கர் எஸ்.எஸ். படையில் சேர்ந்தது 1933இல். கட்சியில் சேர்ந்தது 1937இல். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. ஒரு படிநிலையை நம்பி, அதில் தனக்கொரு இடம் கிடைத்ததில் மகிழ்ந்து, ஏறியவர். படத்தில் தெரியும் நிம்மதி, ஒன்றும் தெரியாதவனின் நிம்மதி அல்ல. எனக்குக் கீழே இருப்பவர்கள் மனிதர்களே அல்ல என்று தீர்மானித்துக்கொண்டவனின் நிம்மதி. அந்தத் தீர்மானம் இருந்தால் குற்ற உணர்ச்சி என்ற ஒன்று தேவைப்படாது. சாதி இருக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த நிம்மதியின் முகம் தெரியும்.

குறிப்பு எழுதுபவரின் பொறுப்பு

படம் வாசிப்பதில் நம் பக்கமும் கவனம் வேண்டும். 1995இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் ஒரு கண்காட்சி நடத்தியது. கொலை செய்தது எஸ்.எஸ். மட்டும்தான், வழக்கமான ஜெர்மன் ராணுவம் கை சுத்தம் என்று நாடு நம்பிக்கொண்டிருந்தது. அந்த ராணுவத்தின் குற்றங்களை 1,400க்கும் மேற்பட்ட படங்களோடு கண்காட்சி காட்டியது. நாடு கொதித்தது. பிறகு ஆய்வாளர்கள் சிலர், சில படங்களில் கிடப்பவர்கள் சோவியத் ரகசியப் போலீஸ் கொன்றவர்கள் என்று சுட்டிக்காட்டினார்கள். 1999இல் கண்காட்சி நிறுத்தப்பட்டது. வல்லுநர் குழு ஆராய்ந்து, பொருந்தாத படங்கள் 20க்கும் குறைவு, அடிப்படை வாதம் சரி என்று சொன்னது. 2001இல் புதுப்பித்த கண்காட்சி மறுபடி திறந்தது.

20க்கும் குறைவான படங்கள் இரண்டு ஆண்டுகளை விழுங்கின. ராணுவத்தைக் காப்பாற்ற நினைத்தவர்களுக்கு அவை போதுமான ஆயுதமாக இருந்தன. ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர்களின் குறிப்பில் ஒரு தேதி பிசகினாலும், அதை வைத்து நடந்ததே பொய் என்பார்கள். ஒரு வன்கொடுமை நடந்த சில மணி நேரத்துக்குள், வேறு ஏதோ மாநிலத்தில், வேறு ஏதோ வருடத்தில் எடுத்த படம் நம் கைப்பேசிகளில் சுற்றுவதைப் பார்க்கிறோம். கோபம் நியாயமானதுதான். ஆனால் தவறான படம் எதிரிக்குக் கொடுக்கும் பரிசு.

நம்முடைய கேள்வி

அண்ணல் அம்பேத்கர் நாஜிசத்தை ஐரோப்பாவின் உள்வீட்டுச் சண்டையாகப் பார்க்கவில்லை. வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, வானொலியில் பேசி, அது வென்றால் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் அழியும் என்று இந்தியத் தொழிலாளர்களிடம் எடுத்துச் சொன்னார். தீண்டப்படாதோர் பற்றிய தன் எழுத்து ஒன்றுக்கு, இந்தியாவின் கெட்டோவில் பிறந்த பிள்ளைகள் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். யூதரின் நிலையையும் நம் நிலையையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றல்ல என்று வேறுபாட்டையும் எழுதினார். அதே நிதானத்தோடுதான் நானும் பேசுகிறேன். ஆஷ்விட்ஸ் ஆஷ்விட்ஸ்தான். வெண்மணி வெண்மணிதான். ஒன்றை இன்னொன்றின் நிழலாக்க வேண்டாம்.

ஆனாலும் ஒரு கேள்வி இரண்டு இடத்துக்கும் பொது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று நமக்கு மறக்காது. வசதியும் அந்தஸ்தும் உள்ள மிராசுதார்கள், வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பக் கடினம் என்றது தீர்ப்பு. அந்தஸ்தே அங்கே சாட்சியாக ஏற்கப்பட்டது. பெரிய மனிதர் இப்படிச் செய்வாரா என்ற அந்த நம்பிக்கைக்கு, சோலா ஹுட்டேயின் சிரித்த முகங்களைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. பெரிய மனிதர் செய்வார். செய்துவிட்டுப் பாடவும் செய்வார். முகத்தில் ஒன்றும் தெரியாது.

அதனால் இளைய தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். அதிகாரத்தில் இருப்பவரின் படம் எதைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். எடுத்தது யார், யாருக்காக? எந்த நாள், அன்றைக்குப் பக்கத்தில் என்ன நடந்தது? இந்த நிம்மதி யாருடைய உழைப்பில், யாருடைய சாவில் நிற்கிறது? சட்டகத்துக்கு வெளியே இருப்பவர்களின் பெயர் என்ன?

நான்காவது கேள்விக்கு விடையை எந்த அருங்காட்சியகமும் தானாகக் கொண்டுவந்து தராது. லிலி ஜேக்கப் மாதிரி, ‘இது என் தம்பி’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். நம் ஊர்களில் அப்படிச் சொல்லக்கூடிய பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. பின்பக்கம் காலியாக இருக்கிறது. இந்த ஆண்டு நம் அமைப்பு, ஒவ்வொரு வட்டத்திலும் அந்தப் படங்களைத் தேடி, கேட்டு, பெயரும் ஊரும் தேதியும் எழுதி வைக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். தேதி நிச்சயமில்லை என்றால், நிச்சயமில்லை என்றே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதுங்கள்.

ஹோக்கர் தன் ஆல்பத்தில் தேதி போட்டது தன் இன்பத்தை நினைவில் வைத்துக்கொள்ள. அந்தத் தேதிதான் அவரைக் காட்டிக் கொடுத்தது. நாம் தேதி போட வேண்டியது, நம் இறந்தவர்களை யாரும் இல்லை என்று சொல்லிவிடாமல் இருக்க.